மொய் டேபிள்ல மவுஸ் செத்துப்போச்சு, கீபோர்டு ஷார்ட்கட் தெரிஞ்சவங்க வாங்கப்பா

மொய்லேப்டாப்:
வணக்கம் மக்களே. நமக்கு உசிலம்பட்டி பக்கம், முகூர்த்த நாள்ல கம்ப்யூட்டர் மொய் எழுதுறதுதான் வேலை, மத்த நாள்ல மாமா கடையில ஜெராக்ஸ். போன ஞாயித்துக்கெழமை செல்லம்பட்டி பக்கம் ஒரு காதுகுத்து, பன்னெண்டு மணிக்கு பந்தி சூடு பிடிச்சு மொய் டேபிள் முன்னாடி முப்பது பேரு பணத்தை கையில மடிச்சு வச்சுக்கிட்டு நிக்கிறாய்ங்க, அந்த நேரம் பாத்து மவுஸு செத்துப்போச்சு. டச்பேடு ஆறு மாசத்துக்கு முன்னாடியே டீ குடிச்சு மண்டையப் போட்டிருச்சு. என்ன பண்ணன்னு தெரியாம டேப், என்டர், ஏரோ கீய வச்சே மிச்சம் நூத்தி எழுபது மொய்ய எழுதி முடிச்சேன். இதுல ஆச்சரியம் என்னன்னா மவுஸு இருந்தப்ப ஆனதை விட வெரசா ஆச்சு! பக்கத்துல நோட்டுல எழுதுற பெரியவர் எப்பவும் எனக்காக காத்துக்கிட்டு பேனாவ காதுல சொருகி உக்காந்திருப்பாரு, அன்னைக்கு அவரு எனக்குப் பின்னாடி வந்தாரு.

அதுல இருந்து மண்டைக்குள்ள ஒரே கொடைச்சல். எனக்குத் தெரிஞ்சது கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி, கன்ட்ரோல் எஸ், அம்புட்டுத்தான். நெட்ல தேடுனா நூறு ஷார்ட்கட், எரநூறு ஷார்ட்கட்டுன்னு அட்டவணை போட்டு வச்சிருக்காய்ங்க, படிச்சா தூக்கம்தான் வருது. நீங்க நெசமா தெனமும் கை வைக்கிறது எது, அதை மட்டும் சொல்லுங்க. எக்ஸெல்னா ரொம்ப சந்தோசம்.

கீழமாசிவீதிகணக்கு:
தம்பி, மொத கேள்வி. எக்ஸெல்ல எத்தனை காலம், அதாவது நெட்டுவாக்குல எத்தனை வரிசை, வச்சிருக்க? ஊரு, இனிஷியலோட பேரு, தொகைன்னு வச்சா, ஊரை அடிச்சு டேப், பேரை அடிச்சு டேப், தொகைய அடிச்சு என்டர் தட்டு. டேப்ல போயி என்டர் தட்டுனா நீ ஆரம்பிச்ச காலத்துக்கு நேர் கீழ தானா வந்து நிக்கும். நடுவுல ஏரோ கீய தொட்டியோ, மவுஸ்ல கிளிக் பண்ணியோ, அந்தக் கணக்கு அத்துப்போயிரும். அன்னைக்கு வெரசா ஆனதுக்கு பாதிக் காரணம் இதுதான்னு நெனைக்கிறேன், தெரியாமலே செஞ்சிருக்க.

அடுத்தது, ஒரே ஊர்க்காரவுக கும்பலாத்தான வருவாக, ஒரு வேன்ல இருபது பேரு. மேல இருக்க ஊரே திரும்ப வேணும்னா கன்ட்ரோல் டி (D) அடி, மேல் செல்லுல இருக்கது அப்படியே கீழ எறங்கிரும். வேற ஊரு, ஆனா முன்னாடியே ஒருக்கா வந்த ஊருன்னா ஆல்ட்ட அமுக்கிக்கிட்டு கீழ் ஏரோ. அந்தக் காலத்துல இதுவரைக்கும் அடிச்ச ஊரெல்லாம் லிஸ்ட்டா விழும், எடுத்துக்க வேண்டியதுதான். ஒண்ணு கவனம், நடுவுல ஒரு வரிய காலியா விட்டுட்டா அதுக்கு மேல இருக்க ஊரு லிஸ்ட்ல வராது. எங்க கடையில பையன் அழகுக்காக பக்கத்துக்கு ஒரு வரி காலி விடுவான், அதுக்கே அவனுக்கு தெனமும் வசவு.

மொய்லேப்டாப்:
அண்ணே, கன்ட்ரோல் டி இப்பத்தான் அடிச்சுப் பாத்தேன். இத்தனை வருசம் "செக்கானூரணி"ய எழுத்தெழுத்தா அடிச்சிருக்கேன்னு நெனைச்சா எனக்கே என்மேல கோவம் வருது.

ஃப்ளெக்ஸ்கடை:
ஹாஹா, செக்கானூரணி. ஆட்டோகரெக்ட்ல போட்டு வையி மாப்ள, ரெண்டெழுத்து அடிச்சா முழு ஊரும் வந்துரும். ஃபைல் மெனு, ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் உள்ள இருக்கு.

ஆனா எங்க கடையில கன்ட்ரோல் டி அடிச்சா வேற கதை. கோரல் டிராங்கிற டிசைன் சாப்ட்வேர்ல அது டூப்ளிகேட். மதுரைல ஃப்ளெக்ஸ் அடிக்கிறவனுக்கு அதுதான் சோறு போடுது, ஒரு காதுகுத்து பேனர்ல தாய்மாமன்ல இருந்து பக்கத்து வீட்டுப் பொடியன் வரைக்கும் நாப்பது தலை வைக்கணும், ஒவ்வொண்ணுக்கும் வட்டம் போடணும். ஒரு வட்டம் போட்டு, கன்ட்ரோல் டி, அதை எவ்வளவு தள்ளி வேணுமோ அங்க நகத்தி வச்சுட்டு திரும்ப கன்ட்ரோல் டி தட்டுனா அதே இடைவெளியில அடுத்தது, அடுத்தது, அடுத்ததுன்னு ரயில் பெட்டி மாதிரி போயிக்கிட்டே இருக்கும். எதையாச்சும் பக்கத்துக்கு நடுவுல வைக்கணும்னா பி (P), சும்மா பி மட்டும். முழு டிசைனையும் ஒருக்கா பாக்க எஃப் 4.

கன்ட்ரோல் க்யூ பத்தி மட்டும் ஒரு எச்சரிக்கை. அது எழுத்தை எல்லாம் படமா, அதாவது கர்வ்ஸா மாத்திரும், பிரிண்ட் போடுற எடத்துல நம்ம தமிழ் ஃபான்ட் இல்லைன்னாலும் கொம்பு கால் எல்லாம் ஒடையாம வரும், அதுக்காக எல்லாரும் அடிக்கிறதுதான். போன வருசம் ஒரு கண்ணீர் அஞ்சலி, ராத்திரி பதினோரு மணி, கன்ட்ரோல் க்யூ அடிச்சேன், கன்ட்ரோல் எஸ் அடிச்சேன், மூடிட்டேன். பத்து நிமிசத்துல போன் வருது, "பெரியப்பா பேர்ல றகரம் தப்பு, சின்ன ரகரம் போடணும்"னு. எழுத்தே இல்லையே, எல்லாம் படமால்ல இருக்கு. அந்த ரெண்டு வரியையும் புதுசா அடிச்சு சைஸ் பாத்து ஒக்கார வைக்க பன்னெண்டே முக்கால். இப்பல்லாம் கன்ட்ரோல் க்யூவுக்கு முன்னாடி கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ், வேற பேர்ல ஒரு காப்பி, அதுக்கப்புறம்தான் மத்தது.

எலிப்பிரியன்:
குறுக்க பேசுறேன்னு வைய வேணாம். இந்த ஷார்ட்கட் வெறி எனக்கு எப்பவுமே புரியல. நான் பதினஞ்சு வருசமா மவுஸ்லதான் வேலை பாக்குறேன், எனக்கு ஒண்ணும் கொறைஞ்சு போகல. ஒரு கிளிக்குக்கு ஒரு செகண்டு ஆகுமா? மிச்சம் புடிச்ச செகண்டெல்லாம் சேத்து வச்சு என்ன வைகைக்கரையில வீடா கட்டப் போறீங்க? ஒவ்வொரு சாப்ட்வேருக்கும் ஒண்ணொண்ணு, இங்க கன்ட்ரோல் டி காப்பி, அங்க டூப்ளிகேட், ப்ரௌசர்ல அடிச்சா புக்மார்க், இதை மனப்பாடம் பண்றதுக்கு திருக்குறளையாச்சும் பண்ணலாம்.

கீழமாசிவீதிகணக்கு:
நியாயமான கேள்வி. படம் வரையிறவுகளுக்கு மவுஸ் வேணும், யாரு இல்லைன்னா. ஆனா நம்பர் அடிக்கிறவனுக்கு செகண்டு பிரச்சினை இல்லப்பா, கண்ணுதான் பிரச்சினை. பில்லைப் பாத்துக்கிட்டே அடிக்கும்போது மவுஸைத் தேடி கண்ணு ஸ்கிரீனுக்குப் போயி திரும்ப பில்லுக்கு வந்தா எந்த வரியில விட்டோம்னு தெரியாது. ஒரு வரி விட்டுப்போனா சாயங்காலம் அரை மணி நேரம் டேலி ஆகாம உக்காந்திருக்கணும்.

எங்க மிளகாய் மண்டியில எல்லாம் டேலிங்கிற கணக்கு சாப்ட்வேர்தான். பேமென்ட்டுக்கு எஃப் 5, ரசீதுக்கு எஃப் 6, ஜர்னல் எஃப் 7, சேல்ஸ் எஃப் 8, பர்ச்சேஸ் எஃப் 9. தேதி மாத்த எஃப் 2. பாதி வவுச்சர்ல புது பார்ட்டி வந்தா ஆல்ட் சி அடிச்சா அங்கனயே லெட்ஜர் தொறந்துக்கலாம், வெளிய போயிட்டு வர வேணாம். முடிச்சதும் கன்ட்ரோல் ஏ, ஒவ்வொரு கட்டத்துலயும் என்டர் தட்டிக்கிட்டு கெடக்க வேணாம். வவுச்சரை தூக்கணும்னா ஆல்ட் டி அழிச்சே போடும், ஆல்ட் எக்ஸ் கேன்சல் மட்டும் பண்ணும், நம்பர் அப்படியே இருக்கும். பில் புக்குல நம்பர் விட்டுப்போனா ஆடிட்டர் கேப்பாரு, அதனால நான் ஆல்ட் எக்ஸ்தான்.

டைப்ரைட்டிங்சார்:
எல்லோருக்கும் வணக்கம். நான் முப்பது ஆண்டுக்கும் மேல தட்டச்சு நிலையம் நடத்தினவன், இப்ப ஓய்வு. எலிப்பிரியன் தம்பி கேட்டது சரிதான், மனப்பாடம் பண்ணா வராது. விரல்ல வரணும். எங்ககிட்ட தட்டச்சு லோயர் பரீட்சை எழுத வர்ற பிள்ளைங்க மொத நாளே கீழ குனிஞ்சு எழுத்தைத் தேடும். கீபோர்டுல எஃப் எழுத்துலயும் ஜே எழுத்துலயும் ஒரு சின்ன மேடு இருக்கும், தடவிப் பாருங்க. ரெண்டு ஆள்காட்டி விரலும் அங்க உக்காந்தா மத்த விரலுக்கு எடம் தானா தெரியும். நம்பர் பேடுல அதே மேடு 5ல இருக்கும். இது தெரியாம எத்தனை ஷார்ட்கட் படிச்சாலும் ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு பாக்கத்தான் வேணும், அதுக்கு மவுஸே தேவலாம்.

நான் சொல்லிக் கொடுத்த வழி இது. ஒரு நாள் வேலை பாக்கும்போது உங்க கை எதுக்காக அடிக்கடி மவுஸுக்குப் போகுதுன்னு மட்டும் பாருங்க. அந்த ஒண்ணுக்கு மட்டும் சாவி என்னன்னு கண்டுபிடிச்சு சின்னச் சீட்டுல எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டுங்க. சீட்டைப் பாக்காம கை போனதும் கிழிச்சுட்டு அடுத்ததை ஒட்டுங்க. ஒரே நேரத்துல ரெண்டு சீட்டு கூடாது.

அப்புறம், கன்ட்ரோல் இசட், எக்ஸ், சி, வி நாலும் கீழ் வரிசையில ஒண்ணு பக்கத்துல ஒண்ணா இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? இடது கையாலயே முடிஞ்சிரும், வலது கை மவுஸ்ல இருந்தாலும் பரவாயில்லை. வெட்டி ஒட்டுற இந்த முறைய 1970கள்ல ஜெராக்ஸ் கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடத்துல உருவாக்கினவர்கள்ல முக்கியமானவர் லாரி டெஸ்லர், 2020ல காலமானார். நாம ஜெராக்ஸ்னா நகல் கடைன்னு மட்டும் நெனைக்கிறோம்.

மேலூர்க்காரி:
சார் வணக்கம், இதே மாதிரி இன்னொண்ணு நான் படிச்சேன். கன்ட்ரோல் ஆல்ட் டெலிட் இருக்குல்ல, அதை 1981ல வந்த ஐபிஎம் கம்ப்யூட்டருக்காக டேவிட் பிராட்லின்னு ஒருத்தர் போட்டாராம். மொதல்ல கன்ட்ரோல் ஆல்ட் எஸ்கேப்னுதான் வச்சிருந்தாராம், அது இடது கைய மட்டும் வச்சே தெரியாம தட்டுப்பட்டு மெஷின் ரீஸ்டார்ட் ஆயிரும்னு ரெண்டு கையும் வேணும்கிற மாதிரி டெலிட்டுக்கு மாத்திட்டாராம். இப்ப ஏதாச்சும் தொங்கிப்போனா நான் கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப்தான், நேரா டாஸ்க் மேனேஜர் வந்துரும்.

நான் காலேஜ்ல எம்காம், ப்ராஜெக்ட் டைப் பண்றேன். என் வாழ்க்கைய மாத்துனது வின்டோஸ் கீயும் வி-யும். சாதா கன்ட்ரோல் வி கடைசியா காப்பி பண்ண ஒண்ணைத்தான் ஒட்டும், இது கடைசி இருபத்தஞ்சு வரைக்கும் லிஸ்ட்டா காட்டும், வேணும்கிறதை எடுத்துக்கலாம். மொத தடவை அமுக்குனா ஆன் பண்ணவான்னு கேக்கும். வின்டோஸ் 10ல 2018 கடைசியில வந்தது, இப்ப 11லயும் இருக்கு. கம்ப்யூட்டரை அணைச்சா பின் பண்ணி வச்சதைத் தவிர மத்தது போயிரும்.

ப்ரௌசர்ல தெரியாம டேப்ப மூடிட்டா கன்ட்ரோல் ஷிஃப்ட் டி (T), போனது திரும்ப வரும். பாதி அப்ளிகேஷன் போட்டுக்கிட்டு இருக்கும்போது அம்மா கூப்பிட்டு அவசரத்துல மூடிட்டேன்னா இதுதான் தெய்வம். ஆனா ஃபார்ம்ல நிரப்புனது எல்லாம் திரும்ப வரும்னு நம்பிராதீங்க, பக்கம் வரும், நிரப்புனது பல தடவை காலிதான்.

ஃப்ளெக்ஸ்கடை:
தங்கச்சி, வின்டோஸ் வி நல்லதுதான், ஆனா கடை கம்ப்யூட்டர்ல ஆன் பண்ணாத. கஸ்டமர் ஆதார் நம்பர், பேங்க் அக்கவுன்ட் நம்பர், பாஸ்வேர்டுன்னு காப்பி பண்ணதெல்லாம் அதுல வரிசையா உக்காந்திருக்கும், அடுத்து உக்காருறவன் பாத்துருவான். ஜெராக்ஸ் கடைக்காரய்ங்க கவனிங்க. எந்திரிச்சு டீக்குப் போகும்போது வின்டோஸ் எல், பூட்டிட்டுப் போங்க.

மொய்லேப்டாப்:
எங்க கடையில ஆன்லதான் இருந்துச்சு அண்ணே!! இப்பப் பாத்தா யாரோ ஒருத்தரோட கேஸ் புக்கிங் நம்பர், எவரோட பாஸ்வேர்டோ எல்லாம் கெடக்கு. மொத வேலையா ஆஃப் பண்ணிட்டேன்.

ஒரு சந்தேகம், மறுபடி மவுஸ் செத்தா, மவுஸ் இல்லாம கிளிக்கே பண்ண முடியாதா? சில எடத்துல டேப் அடிச்சா அந்தப் பட்டனுக்கே போக மாட்டேங்குது.

ஐடிபார்க்நைட்ஷிஃப்ட்:
இலந்தைக்குளம் பக்கம் ஐடி பார்க்ல நைட் ஷிஃப்ட், இப்ப பிரேக், அதனால சுருக்கமா. இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூணையும் சேத்து அமுக்கு. மவுஸ் கீஸ் ஆன் பண்ணவான்னு கேக்கும், என்டர் தட்டு. அப்புறம் நம்பர் பேடுல 8 மேல, 2 கீழ, 4 இடது, 6 வலது, அம்புக்குறி நகரும், 5 தட்டுனா கிளிக். பையத்தான் போகும், ஆனா போகும். நம்பர் பேடு இல்லாத சின்ன லேப்டாப்னா கஷ்டம். ரைட் கிளிக்குக்கு ஷிஃப்ட் எஃப் 10. எக்ஸெல், வேர்டுல ஆல்ட்ட ஒருக்கா தட்டி விட்டா மேல மெனு ஒவ்வொண்ணுலயும் ஒரு எழுத்து மொளைக்கும், அதை வரிசையா அடிச்சா எந்த பட்டனுக்கும் போகலாம்.

சில லேப்டாப்ல எஃப் 2 அடிச்சா வெளிச்சம் கொறையும், எஃப் 5 வேற எதாவது பண்ணும். அப்ப எஃப்என் கீயோட சேத்து அடிக்கணும். பல மாடல்ல எஃப்என்னும் எஸ்கேப்பும் சேத்துத் தட்டுனா அது நிரந்தரமா மாறிரும்.

அப்புறம் எலிப்பிரியன் அண்ணே, உங்களுக்கும் ஒண்ணு. வின்டோஸ் ஷிஃப்ட் எஸ், ஸ்கிரீன்ல வேணும்கிற எடத்தை மட்டும் மவுஸால இழுத்து படம் புடிச்சுக்கலாம். மவுஸும் வேணும், சாவியும் வேணும்.

எலிப்பிரியன்:
இது நல்லாருக்கே. இத்தனை நாளா போன்ல போட்டோ எடுத்து வாட்ஸப்ல எனக்கே அனுப்பிக்கிட்டு இருந்தேன். வெளிய சொல்லிராதீங்க.

மேலூர்க்காரி:
தமிழ்ல அடிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். வின்டோஸ் கீயும் ஸ்பேஸும் தட்டுனா தமிழ், இங்கிலீஷ் மாறும். மொய் அண்ணன் எதுல அடிக்கிறீங்க? தமிழ்99 கத்துக்கோங்க, 1999ல சென்னையில நடந்த மாநாட்டுக்கு அப்புறம் அரசாங்கம் ஏத்துக்கிட்ட கீபோர்டு அமைப்பு. "அம்மா"ங்கிறதுக்கு நாலே தட்டு. அ, ம, ம, ஆ. ஒரே மெய்ய ரெண்டு தடவை அடிச்சா மொதலுக்கு புள்ளி தானா விழுந்துரும். உயிர் எல்லாம் இடது கையில, மெய் பெரும்பாலும் வலது கையில.

டைப்ரைட்டிங்சார்:
ஆமா, ரெண்டு கையும் மாத்தி மாத்தி நடக்கும், நாட்டியம் மாதிரி. பழைய டைப்ரைட்டர் அமைப்புல பழகின என்னை மாதிரி ஆளுக்கு மாத்திக்கிறதுக்கு மூணு மாசம் ஆச்சு, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அவ்வளவு ஆகாது.

ஃப்ளெக்ஸ்கடை:
தமிழ் ஆன்ல இருக்கும்போது போட்டோஷாப்ல பிரஷ் எடுக்க பி (B) தட்டிட்டு ஒண்ணும் வரலைன்னு கம்ப்யூட்டரை அடிக்காதீங்க. எங்க கடைக்கு புதுசா வந்த பையன் ரெண்டு நாளு சாப்ட்வேர் கெட்டுப்போச்சுன்னே சொல்லிக்கிட்டு இருந்தான். ஒத்தை எழுத்து ஷார்ட்கட்டுக்கு முன்னாடி மொழிய இங்கிலீஷுக்கு மாத்துங்கப்பா.

மொய்லேப்டாப்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். நேத்து கருமாத்தூர் பக்கம் ஒரு வீட்டு விசேசம், நானூத்தி சொச்சம் மொய். சார் சொன்ன மாதிரி ஒரே ஒரு சீட்டு, அதுல கன்ட்ரோல் டி மட்டும். அது பழகிருச்சு, கிழிச்சாச்சு, இப்ப ஆல்ட் கீழ் ஏரோ ஒட்டியிருக்கேன். கடைசியில தொகைக்கு ஆல்ட்டும் சமமும் தட்டி மொத்தக் கூட்டல் போட்டேன், நோட்டுப் பெரியவரு கூட்டலோட ஐநூறு வித்தியாசம் வந்துச்சு. சரி நம்மதான் தப்புன்னு பாத்தா அவரு ஒரு ஐநூத்தி ஒண்ணை ஆயிரத்தி ஒண்ணுன்னு எழுதியிருந்தாரு. ரொம்ப நேரம் என்கிட்ட பேசல.

ஆனா ஆட்டோகரெக்ட்ல ஒரு கூத்து. ஃப்ளெக்ஸ் அண்ணன் பேச்சைக் கேட்டு "செக்"னு அடிச்சா செக்கானூரணி வர்ற மாதிரி வச்சிருந்தேன். ஒரு காண்ட்ராக்டர் ரொக்கமா இல்லாம பேங்க் செக்கா குடுத்தாரு, நான் குறிப்புக் காலத்துல "செக்"னு அடிச்சு என்டர். ரசீதுல "பத்தாயிரத்தி ஒண்ணு, செக்கானூரணி"ன்னு அச்சாகி வந்திருச்சு. அவரு மேலூர்க்காரரு. கையில வாங்கிப் பாத்துட்டு, "ஏன்ப்பா, என்னைய எப்ப அங்க குடி வச்ச"ன்னாரு.

ஃப்ளெக்ஸ்கடை:
நான் எங்கடா செக்குன்னு வைக்கச் சொன்னேன், ரெண்டெழுத்துன்னா எதை வேணும்னாலுமா வைக்கிறது! யாரும் பேசாத எழுத்தா வையி. செசெ, உஉ, கக இப்படி.

மொய்லேப்டாப்:
வச்சுட்டேண்ணே, செசெ. மவுஸ் புதுசு வாங்கியாச்சு, பைக்குள்ளதான் கெடக்கு. நோட்டுப் பெரியவரு காலையில போன் பண்ணாரு, கூட்டல் மட்டும் தட்டுற மாதிரி ஒரு மெஷின் தனியா கெடைக்குமான்னு கேக்குறாரு. கால்குலேட்டர்னு சொன்னேன், அது இருக்காம்.

கீழமாசிவீதிகணக்கு:
அவருக்கு கால்குலேட்டர் வேணாம்ப்பா, நீ சொன்ன ஆல்ட் சமம்தான் வேணுமாம். பக்கத்துல உக்கார வச்சு சொல்லிக் குடு.